பினாங்கில் தண்டல் பார்த்தவர்

எனக்குப் படிப்பு மூணாம் வகுப்போடு சரி. வாத்தியார் கணக்குக் கொடுத்தால் சிலேட்டில் போட வராது. வாயால் விடை சொல்லிவிடுவேன். அந்த வாய்க்கணக்கை வைத்துக்கொண்டுதான் மணப்பாறைச் சந்தையில் மூட்டை தூக்கினவன் லாரிக் கிளீனர் ஆனேன். கிளீனர் டிரைவர் ஆனான். டிரைவர் இன்றைக்கு ஏழு லாரிக்குச் சொந்தக்காரன். என் லாரி போகாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது, பம்பாய்க்கும் போகிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. மணப்பாறையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

ஏழு லாரி ஓட ஆரம்பித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் கட்டினேன். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் தாலி கட்டுவது தெரியும். என்ன பெயர் வைப்பது என்று நாலு பேர் நாலு சாமியைச் சொன்னார்கள். நான் யோசிக்கவே இல்லை. 'தண்டல் கருப்பையா திருமண மண்டபம்' என்று கல்தச்சர் முத்துவிடம் சொல்லிவிட்டேன்.

கருப்பையா என் அப்பாவைப் பெற்ற தாத்தா. என் அத்தை வயிற்றில் இருக்கும்போது நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர் திரும்பவே இல்லை. சில வருஷம் கழித்து அங்கிருந்து வந்த ஒருவர், எங்கள் ஊர் வழியாகப் போகும்போது, "உங்க கருப்பன் அங்க தண்டலா இருக்கான். ராஜா மாதிரி இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். வந்த சேதி அது ஒன்றுதான். அன்று முதல் எங்கள் வீட்டுக்குத் தண்டல் வீடு என்று பெயர். தண்டல் என்றால் எங்கள் பக்கத்தில் வரி வசூல். ஜில்லா கலெக்டரையே தண்டல் நாயகர் என்று சுத்தத் தமிழில் எழுதுவார்கள். ஆகவே என் தாத்தா பினாங்கில் வெள்ளைக்காரனுக்கு வரி வசூல் பண்ணிக் கொடுத்த அதிகாரி என்பது ஊரறிந்த சங்கதி. முத்துவிடம் படத்தையும் அப்படியே சொன்னேன்: கோட்டு, தலைப்பாகை, கைவைத்த நாற்காலி, எதிரே மேசை. கல்லின் அடியில் அவர் மறைந்த நாளுக்காக ஒரு வரி மட்டும் காலியாக விட்டிருந்தது.

அந்தக் காலி வரியில்தான் தகராறு ஆரம்பித்தது. என் சம்பந்தி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் அத்தாட்சி கேட்பார். கல்லைப் பார்க்க வந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சம்பந்தி, உங்க தாத்தா பினாங்குல வரி வாங்கினவரா, இல்ல இங்க வரி கட்டாமக் கப்பலேறினவரா? ரெக்கார்டு ஏதாச்சும் இருக்கா?" என்றார். கூட நின்ற கொத்தனாரும் சிரித்துவிட்டார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது.

வீட்டுக்கு வந்தால் அத்தை வேறு. எண்பதைத் தொடுகிற வயது. என் அப்பா சாகிற வரைக்கும் தாத்தாவுக்குத் திதி கொடுக்கவில்லை. "இருக்காரா இல்லையான்னு தெரியாம எள்ளும் தண்ணியும் இறைக்க மாட்டேன்" என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். அத்தை சொன்னாள்: "அப்பன் முகத்தத்தான் நான் பாக்கல. அவருக்கு ஒரு வாய் சோறு வைக்கிற நாளாச்சும் தெரிய வேணாமாடா? கல்லு வச்சா ஆச்சா?"

சம்பந்திக்கு ரெக்கார்டு, அத்தைக்கு நாள். இரண்டையும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய டின் நிறைய மணப்பாறை முறுக்கோடு கிளம்பினேன்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக ஒரு பஸ் வந்திருந்தது. மந்திரி வந்தால்கூடக் கார்தான் வரும். ஓட்டி வந்தவர் மாணிக்கம். அவர் அப்பா எங்கள் ஊர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பினாங்கு. அங்கே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பஸ் அவருடையது.

"வாங்கண்ணே, வாங்க. கெரெத்தா இல்லலா, பஸ்சுதான். மூணு மணி ஷிப்டு ஏத்தணும், அதுக்குள்ள உங்கள வீட்ல விட்டுடறேன்" என்றார். எந்தப் பேச்சுக்கும் கடைசியில் ஒரு 'லா' போடுகிறார்கள். காரைக் கெரெத்தா என்கிறார்கள். ரோட்டுக்குச் சடக்கு. சடக்கென்று போய்விடலாம் என்பதால் வைத்தார்களோ என்னவோ, லாரிக்காரன் நான் குழியைத் தேடிக்கொண்டே வந்தேன், பாயான் பாரு வரைக்கும் ஒன்றும் அகப்படவில்லை. திருச்சி ரோட்டை நினைத்து அழுகை வந்தது.

மாணிக்கத்தின் வீடு அங்கே ஓர் அடுக்குமாடியில். அவர் மனைவி ராஜம்மா வாய் ஓயாத பெண். கீழே கடையிலிருந்து காப்பி வரவழைத்தாள். காப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் கட்டி, ஒரு குழலையும் செருகிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் மீன்குஞ்சைத்தான் இப்படி விற்பார்கள். முதலில் பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். ராஜம்மா, "குடிங்கண்ணே, உள்ள ஒண்ணும் நீந்தலலா" என்றாள். கட்டிப்பால் போட்ட காப்பி. இன்னொரு பை வாங்கிவரச் சொன்னேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கந்தையா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பதிவேடுகள் பார்ப்பது அவருக்குத் தண்ணி பட்ட பாடு என்று மாணிக்கம் சொல்லிவைத்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. முறுக்கை எடுத்துக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"உங்கட பேரனார் என்ன உத்தியோகம் பார்த்தவர்?"

"பேரனா? அவனுக்கு இப்பத்தான் பால்பல்லு விழுது. உத்தியோகத்துக்கு இன்னும் நாளாகும்" என்றேன்.

ராஜம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அண்ணே, அவங்க பேச்சுல பேரனாருன்னா தாத்தாலா!"

கந்தையாவும் சிரித்தார். பிறகு, "எங்கட அப்பா கிளாக்கர். அவரின்ரை தகப்பனும் கிளாக்கர். நான் மூண்டாவது தலைமுறை" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சட்டை மடிப்பும் இரண்டு பேனாவும் எதிரே இருக்கும்போது நான் மட்டும் விட்டுக்கொடுப்பேனா? தண்டல் என்கிற ஊர்ச்சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, லாரி பர்மிட்டுக்கு அலைந்து கற்றுக்கொண்ட இங்கிலீஷில், "என் தாத்தா ரெவின்யூ ஆபீசர்" என்றேன்.

"ரெவின்யூ ஒபிசரோ! அந்தக் காலத்திலயோ!" என்று கந்தையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப தேடுறது லேசு. பெரிய ஆக்களின்ரை பேர் எங்கயும் இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் காலையில் ராஜம்மா, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்றாள். காலைப் பலகாரம் சாப்பிடுவதைப் பசியாறுவது என்கிறார்கள். எவ்வளவு நல்ல பேச்சு! நாம் 'டிபன் ஆச்சா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். கடையில் ரொட்டி சானாய் போடுகிறவன் மாவைத் துணி உதறுவது மாதிரி உதறி, வீசி, மடித்துப் போட்டான். நம் ஊர்ப் புரோட்டாவுக்குத் தம்பி முறை. நாலு தின்றேன். பருப்புக் குழம்பு மட்டும் எங்கள் ஊருக்கு உறைக்காது.

பதிவு அலுவலகத்துக்கு டவுனுக்குப் போனோம். மாணிக்கத்துக்குப் பஸ் வேலை, நானும் கந்தையாவும் மட்டும்தான். அங்கே இருந்த மலாய்க்காரப் பெண் தலையில் முக்காடு, முகத்தில் நல்ல சிரிப்பு. என்னைப் 'பாக்சிக்' என்று கூப்பிட்டாள். பெரியவரே என்று அர்த்தமாம். கந்தையா ஒரு தாளில் 'கருப்பையா' என்று எழுதிக் கொடுத்தார். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். என் காதில் 'தாடா' என்று விழுந்தது.

இவ்வளவு மரியாதையான பெண் 'டா' போடுகிறாளே என்று திகைத்துப் போனேன். சரி, ஏதோ கேட்கிறாள் என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். மறுபடியும் 'தாடா' என்றாள். விமான டிக்கெட்டைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனபோது கந்தையா என் கையைப் பிடித்தார்.

"ஐயா, அவா ஒண்டும் கேக்கேல்லை. இல்லை எண்டு சொல்லுறா. மலாயில இல்லை எண்டால் அப்படித்தான்."

நானே இப்போது நினைத்துச் சிரிப்பதால் நீங்களும் சிரிக்கலாம். விவரம் என்னவென்றால், கருப்பையாக்கள் இல்லாமலில்லை. பலர் இருந்தார்கள். ஒருவர் தோட்டத்துத் தொழிலாளி, ஒருவர் மாட்டுவண்டிக்காரர், ஒருவர் சின்னக் குழந்தை. ரெவின்யூ ஆபீசர் கருப்பையாதான் 'தாடா'.

மூன்றாம் நாள் கந்தையா தன் பழைய சிநேகிதர் ஒருவரைப் பிடித்து, வரி, நில விவகார ஆபீஸ் பக்கம் விசாரிக்கப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. நான் டவுனில் லக்சா என்கிற மீன்புளிக் குழம்பு நூடுல்ஸைச் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ருசிக்குத்தான் வந்தது என்று கடைக்காரச் சீனரிடம் சைகையில் சொல்ல நெடுநேரம் பிடித்தது. பிறகு பெரி என்கிற பயணிக் கப்பல் ஏறி அக்கரைக்குப் போய் அதே பெரியில் திரும்பினேன். தூரத்தில் கடலுக்கு நடுவே தூண் தூணாக நட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால் இந்தப் பெரிக்காரர்களின் பிழைப்பு என்னாகும் என்று ஒரு வண்டிக்காரனாகக் கவலைப்பட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கந்தையா வந்தார். முறுக்கை எடுக்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, குறை நினைக்கக் கூடாது. ரெவின்யூ பக்கம் அப்படி ஒரு ஆள் இருந்ததாத் தெரியேல்லை. நிச்சயமாச் சொன்னவையோ உங்கட ஆக்கள்?"

"எங்க ஊர்ல வந்து கேளுங்க" என்று குரலை உயர்த்தினேன்.  சம்பந்தி கண்ணாடி துடைப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவரையாவது வாயால் சமாளிக்கலாம். அத்தையிடம் போய் என்ன சொல்வது? நாலு நாள் பினாங்கில் ரொட்டி தின்றுவிட்டு வந்தேன் என்றா?

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. இன்னொரு தடவை பதிவு அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று மூன்று பேரும் மாணிக்கத்தின் பஸ்ஸிலேயே கிளம்பினோம். பஸ்ஸில் ஓவர்டைம் முடிந்து வீடு திரும்புகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர், தமிழும் மலாயும் சீனமுமாக ஒரே கலகலப்பு. ஜெலுத்தோங் பக்கம் வந்ததும் பஸ் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மாணிக்கம் சாவியைத் திருகுகிறார், திருகுகிறார், மூச்சே இல்லை. எதிர்க்கடையிலிருந்து போன் பண்ணி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் வருகிற வழியைக் காணோம். ஒரு பெண், "அங்கிள், பஸ்சுக்கும் பசியாறக் குடுங்கலா!" என்றாள். இன்னொருத்தி, "தள்ளணும்னா எங்களக் கேக்காதீங்க, ஓவர்டைம் முடிஞ்சிருச்சு" என்றாள்.

"நான் பாக்குறேன்" என்றேன்.

"வேணாம்ணே, வெள்ளை வேட்டிலா."

வெள்ளை வேட்டிக்கு அடியில் இருப்பது லாரிக் கிளீனர் என்று அவருக்குத் தெரியாது. மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். டீசல் வண்டி ஓட்டத்தில் இருமி நின்றால் பெரும்பாலும் டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். பம்பில் ஆணியைத் தளர்த்தி, கையால் அடித்து அடித்து, நுரை நின்று டீசல் சுத்தமாக வழிகிற வரைக்கும் விட்டு முடுக்கினேன். "இப்ப அடிங்க" என்றேன். ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. பெண்கள் கைதட்டினார்கள். நான் மறுபடி ஏறினபோது ஜன்னலோர இடம் எனக்காகக் காலியாக இருந்தது. மிச்சமிருந்த முறுக்கை அவர்களுக்கே பங்கு போட்டேன். கந்தையா என் வேட்டிக் கறையைப் பார்த்துத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

இந்தக் கூத்தில் நேரம் போய்விட்டது. அலுவலகத்துக்குப் போனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகச் சாத்தியிருந்தது. திறக்க மூணு மணி ஆகும் என்றார்கள். அதுவரை எங்கே போவது? மாணிக்கம் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போனார். தகரக் கூரை, நாலு பெஞ்சு, எதிரே கடல். காப்பிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைக்காரர் திடீரென்று உள்ளே பார்த்துக் கத்தினார்: "டேய், தண்டல் வர்றாரு! ஒரு காப்பி ஓ, பால் வேணாம், சீனி கம்மி!"

நான் துள்ளி எழுந்துவிட்டேன். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, வருகிற அதிகாரியை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தேன். கோட்டு வரவில்லை. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் ஈரத் துண்டு, கரணை கரணையாக உடம்பு, அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க... தண்டலா?" என்றேன்.

"ஆமாலா. தண்டல் வேலு. யாரக் கேட்டாலும் சொல்வாங்க."

"எந்த ஆபீஸ்ல?"

அவர் கடலைக் கைகாட்டினார். "அதோ நிக்குது பாருங்க, தொங்காங். அதான் நம்ம ஆபீசு. கூரை கிடையாது. மழ வந்தா லீவு."

கையைத் தொடர்ந்து பார்த்தால், வயிறு பெருத்த மரப்படகு ஒன்று சாக்கு மூட்டைகளோடு ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப வரி வசூல்?"

"வரியா? நான் வரிக்காரனக் கண்டா அடுத்த சந்துல பூந்துடற ஆளுலா!"

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணிக்கம்தான் கேட்டு விளங்கிக்கொண்டு எனக்குச் சொன்னார். பெரிய கப்பல் ஆழத்தில் நிற்கும். சாமானை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவது இந்தத் தொங்காங் படகுகள். ஒவ்வொரு படகுக்கும் ஓர் ஆள்கூட்டம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் தண்டல். அந்தக் காலத்திலிருந்து துறைமுகத்தில் அதுதான் பெயர். வேலு காப்பியை உறிஞ்சிக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "ஆள் சேக்குறது, மூட்டைய எப்பத் தூக்கணும்னு சத்தம் குடுக்குறது, எவனுக்காச்சும் அடிபட்டா அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்றது, எல்லாம் தண்டல் வேலதான். கடைசியா சொன்னது இருக்கே, அதுதான் கஷ்டம்."

கந்தையா வாயருகே கொண்டுபோன காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, உங்கட பேரனார் தண்டல் எண்டோ ஊரில சொன்னவை?"

"ஆமா."

"எங்கட பக்கத்தில வள்ளத்துத் தலைவனைத் தண்டயல் எண்டுதான் சொல்லுறது! இந்த ஒரு சொல்லை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ரெவின்யூவில போய் ஏன் தேடுறன்? ரெவின்யூ ஒபிசர் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"நீங்க மட்டும் மூணு தலைமுறை கிளாக்கருன்னு சொல்லலாமா?" என்றேன்.

 மனுஷன் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், பேனா இரண்டும் பையிலிருந்து விழுந்துவிட்டன.

அவர்கள் சிரிக்கட்டும் என்று நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் நாற்காலியும் மேசையும் வெட்டியாகிவிட்டது. ஊர் முழுக்க வரி அதிகாரி என்று சொல்லியாகிவிட்டது. படகில் நாலைந்து பேர் மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். வேலு உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பி, "தூக்கு... ஐலசா!" என்று ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். மணப்பாறைச் சந்தையில், லாரித் தட்டில் நின்றுகொண்டு, இருபது வருஷம் நானே கொடுத்த குரல். இன்றைக்கும் லோடு சரியாக ஏறவில்லை என்றால் முதலாளி என்று பார்க்காமல் ஏறி நின்று அப்படித்தான் கத்துவேன். வரி வாங்கத் தெரிந்தவன் எங்கள் குடும்பத்தில் ஒருத்தனும் கிடையாது. சுமை ஏற்றி இறக்குகிறவன்தான் உண்டு. இது எனக்குப் புரியப் பினாங்குக்கு வரவேண்டியிருந்தது.

"இன்னொரு காப்பி குடுங்க, தண்டலுக்கும் சேத்து" என்றேன். "என் தாத்தாவும் தண்டல்தான். பேரு கருப்பன்."

வேலு யோசித்தார். "பழைய ஆளாச்சே. நான் பாத்ததில்ல. எங்க துறைமுகத்துக் கோயில்ல பாருங்க, பழைய தண்டல்மாரு பேரெல்லாம் மணியில வெட்டிருக்கும். அங்கெல்லாம் சும்மா கருப்பன்னு சொன்னா யாருக்குத் தெரியும்? தண்டல் கருப்பன்னாத்தான் ஆள் தெரியும்."

கந்தையா விழுந்த பேனாவை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "தண்டல் கருப்பன்... சேர்த்துத்தானே கூப்பிடுறது? அப்ப செத்ததைப் பதிய வந்தவனும் அப்படித்தானே சொல்லியிருப்பான்? ஐயா, நாங்கள் கருப்பையாவில தேடினம். தண்டலில தேடேல்லை!"

கதவு திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். அந்த மலாய்க்காரப் பெண் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பாஸ்போர்ட் ஞாபகம் வந்திருக்கும். கந்தையா கருப்பையாவை விட்டுத் 'தண்டல்' என்ற எழுத்தில் பார்க்கச் சொன்னார். அவள் உள்ளே போனாள். வருகிறாளா என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பர்மிட் ரத்தான அன்றுகூட எனக்கு இவ்வளவு வேர்த்ததில்லை.

வந்தாள். "அடா, பாக்சிக்" என்றாள். கந்தையா சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

கந்தையா படித்தார். பெயர், தண்டல் கருப்பன். தொழில், படகுத் தலைவர். பிறந்த ஊர் என்ற இடத்தில் ஒரு கிறுக்கல், எழுத்துக்கூட்டி, "ம... ண... பா... ர..." என்றார். இறந்த தேதி, வருஷம். காரணம் காய்ச்சல், இடம் ஆஸ்பத்திரி. வயது நாற்பது.

"நாற்பதா?" என்றேன். என் மூத்த மகனுக்கு அந்த வயது. தாத்தா தாத்தா என்று பெரிய மீசையோடு நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள், என்னைவிட இருபது வயதுக்குமேல் சின்னவர். தெருவில் பார்த்திருந்தால் வா தம்பி என்றுதான் கூப்பிட்டிருப்பேன்.  அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

நகலை வாங்கிக்கொண்டு, அதிலிருந்த இங்கிலீஷ் தேதிக்குத் திதி பார்க்கக் கந்தையாவின் வீட்டுக்குப் போனோம். அவர் அப்பா காலத்துப் பஞ்சாங்கங்களைத் தைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். கரையான் தின்றது போக மிச்சத்தில் அந்த வருஷம் இருந்தது. விரலால் ஓட்டிப் பார்த்துச் சொன்னார்: "மாசி மாதம். வளர்பிறைப் பஞ்சமி."

மாசி, வளர்பிறைப் பஞ்சமி. ஏழு லாரி நம்பரையும் எழுதிவைக்காமல் ஞாபகம் வைத்திருக்கிற நான், இதை மட்டும் காகிதத்தில் எழுதச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ராஜம்மாவையும் கூட்டிக்கொண்டு வேலு சொன்ன கோயிலுக்குப் போனோம். துறைமுகத்து ஆட்கள் காசு சேர்த்துக் கட்டிய சின்னக் கோயில். மண்டபத்தில் மணி தொங்கியது. ராஜம்மா புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். சுற்றிலும் பெயர்கள். இங்கிலீஷ் ரெக்கார்டைக் கந்தையா படித்துச் சொன்னார். இதை நானே படித்தேன். மூணாம் வகுப்பு அதற்குப் போதும். 'தண்டல் கருப்பன் கூட்டத்தார் உபயம்.'

"அடிங்கண்ணே" என்றார் மாணிக்கம்.

அடித்தேன். பெரிய மணிதான். நல்ல கனமான சத்தம். என் தாத்தா கொடுத்த மணி வேறு எப்படி இருக்கும்?

கிளம்புகிற அன்று அதே பஸ்ஸில் விமான நிலையம். பெண்கள் வழியனுப்பக் கையசைத்தார்கள். கந்தையா ஒரு பேனாவைக் கொடுத்தார். "அடுத்த முறை வரேக்கை பேரனாரைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கோ" என்றார். "உங்க கொள்ளுத்தாத்தா என்ன உத்தியோகம்னு நீங்க இன்னும் சொல்லலையே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மழுப்பிவிட்டார். எனக்குச் சந்தேகம் உண்டு.

ஊருக்கு வந்து நேரே முத்துவின் பட்டறைக்குப் போனேன். "நாற்காலியை எடுத்துடு" என்றேன்.

"எப்படிங்க எடுக்கிறது? சிலேட்டா, எச்சி தொட்டு அழிக்க?"

"எடுக்க வேணாம். காலைச் சீவு. அடியில வளைச்சுப் படகாக்கு. மேசையைச் சாமான் பெட்டியாக்கு."

"கோட்டு?"

கோட்டுக்கு இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். அடியில் காலியாக இருந்த வரியில் மாசி, வளர்பிறைப் பஞ்சமி என்று வெட்டச் சொன்னேன்.

சம்பந்தி நகலை வாங்கி இரண்டு தரம் படித்தார். "இதுல வரின்னு ஒண்ணும் இல்லையே, சம்பந்தி?"

"இல்ல. கப்பல்ல வந்த சாமான இறக்கினவர். நான் லாரியில வர்ற சாமான இறக்குறேன். குடும்பத் தொழில்" என்றேன்.  முதல் தடவையாக என்னிடம், "நல்லா விசாரிச்சிருக்கீங்க" என்றார்.

மாசி வந்தது. பஞ்சமி அன்று அத்தை யாரையும் அடுப்பங்கரைக்குள் விடவில்லை. எல்லாம் அவள் கையாலேயே சமைத்தாள். காக்கைக்கு வைத்தபோது, "அப்பா, வா" என்று கூப்பிட்டாள். எண்பது வயதில் முதல் தடவையாகக் கூப்பிட்டாள். மத்தியானம் காரில் ஏற்றி மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். கண் சரியாகத் தெரியாது அவளுக்கு. கல்லில் கையை வைத்துத் தடவினாள். படகைத் தடவினாள், பெட்டியைத் தடவினாள், மேலே போய்ப் பொத்தான் பொத்தானாகத் தொட்டுப் பார்த்தாள்.

"கோட்டெல்லாம் போட்டுக்கிட்டுல்ல வந்திருக்காரு" என்றாள்.